ஐந்து மார்க் முத்திரையும் வண்டுக் காரும்

வொக்ஸ்வாகன் பீட்டில் காரைப் படத்திலாவது பார்க்காத ஆக்கள் குறைவு. வண்டு மாதிரி வளைஞ்ச முதுகு, பின்பக்கம் எஞ்சின். விளம்பரத்துறை பற்றிக் கதைக்கிறவையும் ஒருதரமாவது இந்தக் காரை இழுக்காமல் விடமாட்டினம். ஆனால் அவையின்ர கதை பெரும்பாலும் 1959 இல்தான் தொடங்கும். அதுக்கு முன்னால இருந்த இருபத்தைந்து வருடங்களைப் பற்றிக் கதைப்பது குறைவு.

1930களின் ஜேர்மனியில் கார் என்பது வசதியானவர்களின் சாமான். சாதாரண தொழிலாளியும் வாங்கக்கூடிய 'மக்கள் கார்' வரும் எண்டு ஹிட்லர் வாக்குக் கொடுத்தார். வொக்ஸ்வாகன் என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான். 1934 இல் வடிவமைப்புப் பொறுப்பு பேர்டினண்ட் போர்ஷேயிடம் போனது. விலை 990 ரைஹ்ஸ்மார்க். 1938 இல் தொழிற்சாலைக்கு ஹிட்லரே அடிக்கல் நாட்டினார்.

காரை உடனே காசு குடுத்து வாங்க ஏலாது. கிழமைக்கு ஐந்து மார்க் முத்திரை வாங்கிச் சேமிப்புப் புத்தகத்தில ஒட்டவேணும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு வருடம். வட்டியும் இல்லை. 'ஐந்து மார்க் சேமி, சொந்தக் காரில் போ' என்ற பாணியில் சுவரொட்டிகள் வந்தன. சுமார் 336,000 பேர் சேர்ந்தார்கள்.

ஒருத்தருக்கும் கார் கிடைக்கேல்லை. 1939 இல் போர் வந்தது, தொழிற்சாலை இராணுவ வாகனங்களுக்கு மாறியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்: போலந்துக்காரர், சோவியத் போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள்.

போர் முடிஞ்சதும் தொழிற்சாலை பிரித்தானிய இராணுவத்தின் கையில் வந்தது. மேஜர் ஐவன் ஹேர்ஸ்ற் என்ற அதிகாரி உற்பத்தியை மீண்டும் தொடக்கினார். முதல் பெரிய ஓடர் இராணுவத்தினுடையதுதான், 20,000 கார்கள். பிறகு கார் ஏற்றுமதியாகி அமெரிக்காவுக்கும் போனது.

1959 இல் நியூயோர்க்கின் டோய்ல் டேன் பேர்ன்பாக் நிறுவனம் விளம்பரத்தைக் கையில் எடுத்தது. நீளமான, பின்னுக்குச் செட்டை வைத்த கார்களைப் பெருமையாக நினைத்த நாடு அது. அங்கே போய், 'சின்னதாக யோசி' என்றார்கள். முழுப்பக்கமும் வெறுமை, மூலையில் ஒரு குட்டிக் கார். இன்னொரு விளம்பரத்தின் தலைப்பு 'எலுமிச்சை'. அமெரிக்கப் பேச்சில் அது பழுதான காரைக் குறிக்கும். படத்தில் இருக்கிற காரில் ஒரு சின்ன அலங்காரப் பட்டி பழுது, அதனால பரிசோதகர் திருப்பி அனுப்பிவிட்டார் எண்டு கீழே எழுதியிருந்தது. வில்லியம் பேர்ன்பாக்கும் வாசகம் எழுதிய ஜூலியன் கோனிக்கும் யூதர்கள். ஹிட்லரின் காரை அவர்களே அமெரிக்காவுக்கு விற்றார்கள்.

இந்த விளம்பரங்கள் கெட்டித்தனமானவை, சந்தேகமில்லை. குறையை ஒளிக்காமல் சொன்னதால சனம் நம்பினது. ஆனால் ஒத்துக்கொண்ட குறை எது? ஒரு பட்டியில் இருந்த பழுது. அதே வருடங்களில் ஜேர்மனியில், முத்திரை ஒட்டி ஏமாந்த சனம் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. 1961 இல்தான் தீர்வு வந்தது: புதுக் கார் வாங்கினால் 600 டொச்மார்க் வரை கழிவு, இல்லையெண்டால் காசாக 100 டொச்மார்க் வரை. பலவந்தமாக வேலை செய்தவர்களுக்கு நிறுவனம் நிதியம் அமைத்தது 1998 இல். அந்த நேரம் அவர்களில் பலர் உயிரோட இல்லை.

1972 இல் பீட்டில் ஒன்றரைக் கோடியைத் தாண்டி, போர்டின் 'மொடல் டி' சாதனையை முறியடித்தது. கடைசிக் கார் 2003 இல் மெக்சிக்கோவில் வெளிவந்தது.

விளம்பரம் பொய் சொல்லவேணும் எண்டில்லை. எந்த உண்மையைச் சொல்லுறது எண்டு தெரிவு செய்தாலே காணும். நேர்மையாகத் தெரியிற ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போது, அது எதைச் சொல்லுது என்பதோடு எதை விட்டிட்டுது என்பதையும் கேட்டுப் பழகுவம்.