மரைக்காலும் கியூரியும்

கல்முனை, நிந்தவூர் வயற்புறங்களில் நெல்லை மரைக்காலாலும் அவணத்தாலும் அளந்த காலத்தில், போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையே ஒரு வினா எழுவதுண்டு: குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா? அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் சூறா ஒன்று திருக்குர்ஆனில் உண்டென்பதை நம்மவர் நன்கறிவர். அளவை வெறுங் கணக்கன்று. அதனை வகுத்தவர் யார் என்பதும் அதனுள் அடங்கும். விஞ்ஞான அளவைகளும் இதற்கு விலக்கல்ல.

கதிர்த்தொழிற்பாட்டின் வரலாற்றில் ஈழத்து மண்ணுக்கும் பங்குண்டு. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலையறிஞராகவே நாம் போற்றுகிறோம். அவர் இந்நாட்டுக் கனிப்பொருளாய்வின் முதல் இயக்குநராகவும் இருந்தவர். அவர் காலத்தில், 1904இல், சப்பிரகமுவையின் இரத்தினக்கல் மண்ணிலிருந்து தோரியம் செறிந்த, கனதியான கருங்கனியமொன்று அறியப்பட்டது. தோரியனைற்று என்று அதற்குப் பெயரிட்டனர். கப்பலேறி இலண்டன் சென்ற அக்கனியத்திலிருந்தே, வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்னும் இளைஞர் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார். மண் நம்முடையது, அளவுகோலோ ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது.

1910இல் பிரசல்ஸ் மாநாட்டில் கூடிய அறிஞர், மறைந்த பியேர் கியூரியின் பெயரை ஓர் அலகுக்குச் சூட்டத் துணிந்தனர். முதலில் எண்ணியது மிகச் சிறியதோர் அளவையே. அத்துணை அற்பமான அளவுக்குத் தம் கணவரின் பெயரா என்று மேரி கியூரி மறுத்தார். இறுதியில், ஒரு கிராம் இரேடியத்தோடு சமநிலையில் நிற்கும் வாயுவின் அளவே கியூரி ஆயிற்று. அந்தப் பிடிவாதத்தை நாம் குறைகூறோம். ஆயினும் விளைவு பெரிது: பின்னாளில் வகுத்த வரையறைப்படி, விநாடிக்கு 3,700 கோடி அணுக்கருக்கள் சிதைந்தாற்றான் ஒரு கியூரி. இவ்வளவு பெரிய மரைக்காலில், மனிதன் அஞ்ச வேண்டிய அளவும் அடியிற் கிடக்கும் நாலு மணியாகவே தோன்றும்.

1975இல் பெக்கரல் வந்தது. விநாடிக்கு ஒரு சிதைவு, ஒரு பெக்கரல். இப்போது சிறியதும் பேரெண்ணாகக் காட்சியளித்தது. உடலுக்கு விளையும் கேட்டை இவ்விரண்டுமே சொல்வதில்லை. அதற்குச் சீவெட் என்னும் வேறோர் அலகு 1979இல் ஏற்கப்பட்டது.

1986இல் செர்னோபில் உலை வெடித்தபின், பால்மா வாங்கும் தாய்மார் வரையில் அக்கவலை எட்டிற்று. பாலுக்கும் குழந்தை உணவுக்கும் ஐரோப்பியச் சமூகம் விதித்த வரம்பு, கிலோவுக்கு 370 பெக்கரல். புதிய அலகில் எழுதிய வரம்புக்கு இப்படியோர் ஒட்டாத எண் ஏன் வந்தது? கணக்கிட்டுப் பார்த்தால், பழைய கியூரியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு சரியாக அவ்வளவே.