இறாலும் உல்லமும்

2018 பிப்ரவரியில் தஞ்சாவூரில் நடந்த சாலை விபத்து ஒன்றில் குலோத்துங்கன் என்ற கால்பந்தாட்டக்காரர் இறந்துபோனார். வயது 40. தஞ்சைக்காரர். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் தேரோ சசானாவை 3-1 என்று வென்று ஆசியான் கழகக் கோப்பையைக் கைப்பற்றிய ஈஸ்ட் பெங்கால் குழுவில் இருந்தவர். பிற்பாடு அதன் பரம எதிரியான மோகன் பகானுக்கும் ஆடியவர். ராஜேந்திரன் கங்கை கொண்டதை ஆயிரம் ஆண்டுகளாகப் பேசிவரும் ஊரில், கங்கைக்கரைக்குப் போய்ப் பெயர் வாங்கித் திரும்பிய இந்தக் குலோத்துங்கனைப் பற்றி எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. காவிரிக்கரையில் நமக்குக் கால்பந்து பள்ளிக்கூட மைதானத்தோடு முடிந்துவிடுகிற சங்கதி. கொல்கத்தாவில் அது சாதி, ஊர், உணவு, அகதி வாழ்க்கை எல்லாம் சேர்ந்த ஒன்று.

ஆட்டக்காரர் ஒருவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதை அந்நகரம் நூறாண்டுகளாகப் பார்த்திருக்கிறது. அதற்கு வங்காளத்தில் 'தொல்பொதொல்' என்று பெயர். அரசியல்வாதிகளின் கட்சித் தாவலுக்கும் அதே சொல்தான். பதிவு நாட்கள் நெருங்கும்போது கழகத்தார் ஆட்டக்காரர்களைக் கடத்தாத குறையாகக் கொண்டுபோய் ஒளித்துவைப்பார்கள். ஆட்டக்காரர் மாறலாம். ரசிகர் மாற முடியாது. அது பிறப்பால் வருவது. ஆனால் ஒரு கழகமே தான் ஆடிவந்த லீக்கை விட்டு இன்னொன்றுக்குப் போனால், போவது எது? 2020-ல் இந்தக் கேள்வி இரண்டு கழகங்களுக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

அதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோகன் பகான் 1889-ல் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷையர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்தது. ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்றது விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது. அன்றிலிருந்து மோகன் பகான் தன்னைத் தேசத்தின் அணியாகவே நினைத்துக்கொண்டது.

1920 ஜூலையில் கூச்பிஹார் கோப்பை ஆட்டம் ஒன்றில் மோகன் பகானை எதிர்த்த ஜோராபகான் கழகம், சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் அணியிலிருந்து விலக்கியது. அவர் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதே காரணம் என்று அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கருதினார். வெளியேறி, ஆகஸ்ட் 1 அன்று நண்பர்களோடு ஈஸ்ட் பெங்காலைத் தொடங்கினார். ஒரு மனிதனை உட்காரவைத்ததற்கு மறுமொழியாக ஒரு கழகம்! மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகள் 'கோட்டி'கள் (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்). கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'கள். கோட்டி வென்றால் வீட்டில் இறால், பாங்கால் வென்றால் இலிஷ். இலிஷ் என்பது நம் உல்லம் மீன்தான். கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறும் மீன். காவிரியிலும் கொள்ளிடத்திலும்கூட ஒரு காலத்தில் ஏறியது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு காவிரியில் அதன் வரத்து அருகிப்போயிற்று. டெல்டாக்காரனுக்கு ஈஸ்ட் பெங்காலின் மேல் ஒரு பரிவு தோன்ற இதுவே போதும் என்று எனக்குப் படுகிறது.

1947-க்குப் பிறகு எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளுக்குக் கொல்கத்தாவில் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றுள் இக்கழகமும் ஒன்று. 1955-ல் கிழக்கு வங்கம் 'கிழக்குப் பாகிஸ்தான்' என்று பெயர் மாற்றப்பட்டது. நிலப்படத்திலிருந்து அழிந்த பெயரைச் சனிக்கிழமை மாலைகளில் ஆயிரக்கணக்கானோர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரிவினையை அடுத்த ஆண்டுகளில் அவர்களுக்காகக் கோல் போட்ட 'பஞ்சபாண்டவர்'களான வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர்கள். பத்மா நதியைக் கண்ணால் பார்த்திராதவர்கள். கழகத்தின் அடையாளம் மைதானத்தில் ஓடுபவர்களிடம் இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருந்தது.

அந்த அடையாளம் உயிரையும் கேட்டது. 1975 கேடய இறுதியில் மோகன் பகான் 5-0 என்று தோற்றபோது ஓர் இளம் ரசிகர் தற்கொலை செய்துகொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் இரு தரப்பு ரசிகர்களும் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். ஒவ்வோராண்டும் அந்நாளில் இரத்ததானம் நடக்கிறது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு வந்தோர் 1,31,000 பேர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

இனி 2020. இந்திய கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன் பிள்ளையாக 2014-ல் பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். அன்று அதில் இடம்பெற வெற்றி தேவைப்படவில்லை, ஆண்டுக் கட்டணம் தேவைப்பட்டது. கொல்கத்தாவுக்கென்று ஏ.டி.கே. என்ற புதிய அணியை உருவாக்கினார்கள். மூன்று முறை பட்டம் வென்றது. ஆனால் அதற்காக யார் வீட்டிலும் மீன் வாங்கியதாகத் தெரியவில்லை. பழைய கழகங்கள் ஐ-லீக்கில் இருந்தன. 2019-ல் புதிய லீக்கே நாட்டின் முதல் லீக் என்றானபோது, ஐ-லீக் இரண்டாம் தட்டாகிவிட்டது.

2020 ஜனவரி 16 அன்று மோகன் பகான் ஏ.டி.கே.யுடன் இணையும் என்ற அறிவிப்பு வந்தது. கூட்டு நிறுவனத்தில் ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமத்துக்கு 80 விழுக்காடு, கழகத்துக்கு 20. அப்போது ஐ-லீக் பருவம் பாதியில் இருந்தது. மூன்று நாள் கழித்து மோகன் பகான் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வென்றது. மார்ச்சில் பட்டத்தையும் வென்றது. அதாவது ஒரு லீக்கின் சாம்பியன் அந்த லீக்கைவிட்டுப் புறப்பட்டுப் போனது, வென்றதற்காக அல்ல, விற்றதற்காக. ஜூலையில் புதிய பெயர் வந்தது: ஏ.டி.கே. மோகன் பகான். பச்சை-அரக்கு நிறமும் பாய்மரப் படகும் தப்பின. ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் முதலெழுத்துகள் 131 வயதுக் கிழவரின் பெயருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தன.

நம் பக்கத்தில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தபோது, அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த தஞ்சை, திருச்சிக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. 1854-ல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. பட்டச் சான்றிதழின் முத்திரை மாறிற்று. போட்டியாட்டங்களின் வட்டமும் மாறியிருக்கும். ஆனால் கும்பகோணம் கல்லூரி கும்பகோணம் கல்லூரியாகவே இருந்தது. லீக் மாறுவது அவ்வளவுதான். அதற்காக யாரும் தெருவுக்கு வருவதில்லை. பெயர்ப்பலகையில் கைவைக்கும்போதுதான் வருகிறார்கள்.

போட்டியாளரை விட்டுவிட்டுப் போவது இன்னொரு வகை இழப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில் (அவர்களது கால்பந்து கையால் ஆடுவது) டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் மோதிவந்தவை. 2012-ல் ஏ அண்ட் எம் வேறு லீக்குக்கு மாறியது, ஆட்டம் நின்றுபோனது. டெக்சஸும் அதே லீக்குக்கு வந்து சேர்ந்த பிறகு, 2024 நவம்பரில்தான் மீண்டும் ஆடினார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் ஏ அண்ட் எம் ரசிகர்கள் களத்தில் இல்லாத எதிரியைக் கேலி செய்யும் பழைய பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

கொல்கத்தாவும் சில மாதங்கள் அந்த அச்சத்தில் கிடந்தது. ஈஸ்ட் பெங்காலுக்குப் புரவலர் இல்லை. 2020 செப்டம்பரில், முதல்வர் மம்தா பானர்ஜி முன்னிலையில், ஸ்ரீ சிமெண்ட் வந்தது; மாதக் கடைசியில் லீக்கும் சேர்த்துக்கொண்டது. ஒருவரை விட்டு மற்றவர் போக முடியாது என்பதை ரசிகர்களைவிடத் தொலைக்காட்சி நிறுவனங்கள் நன்றாக அறிந்திருந்தன என்று நினைக்கிறேன். புதிய லீக்கில் முதல் மோதல் அந்த நவம்பர் 27 அன்று கோவாவின் வாஸ்கோவில், பெருந்தொற்றின் காரணமாக ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில் நடந்தது. ஏ.டி.கே. மோகன் பகான் 2-0. படிக்கட்டுகளுக்காகவே உயிர்வாழ்ந்த ஆட்டம், படிக்கட்டுகள் காலியாய்க் கிடக்க நடந்தேறியது.

பிறகு நடந்தவற்றில் இரு தரப்பும் ஒன்றையே செய்தன, தனித்தனியாக. மோகன் பகான் ரசிகர்கள் 'ஏ.டி.கே.வை நீக்கு' என்று ஊர்வலம் போனார்கள், ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 2021 ஜூலையில், முதலீட்டாளரோடான ஒப்பந்தத் தகராறு முற்றியபோது, தங்கள் கழக வாசலிலேயே போராடித் தடியடி வாங்கினார்கள். மறு ஆண்டு ஸ்ரீ சிமெண்ட் விலகி இமாமி வந்தது. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூருவைப் பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்த இரவில், கோயங்கா ஏ.டி.கே. நீங்கும் என்று அறிவித்தார். புதிய பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயண்ட். லக்னோவில் அவர் வைத்திருக்கும் கிரிக்கெட் அணியின் வால் இது. தலையிலிருந்த சுமை வாலுக்குப் போனது. ரசிகர்கள் அதையும் வெற்றி என்றே கொண்டாடினார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

1891-ல் தோன்றிய மூன்றாவது கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங் 2023-24 ஐ-லீக்கை வென்று மேலே வந்தது. மூவரில் ஆடி வென்று லீக் மாறியது அது ஒன்றுதான். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் நாலரை ஆண்டுகளுக்குப் பின் மோகன் பகானை வென்றது, 1-0. கோல் போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். பஞ்சபாண்டவர் காலம் முதல் தொடரும் தெற்கத்தி வழக்கம்.

அடுத்த ஆண்டு அதே கோப்பையில் ஆகஸ்ட் 18-க்குக் குறித்திருந்த மோதல் இரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் வன்கொலை செய்யப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்பு தர இயலாது என்றார்கள். ஆட்டம் இல்லாத அந்த மாலையில் சால்ட் லேக் மைதானத்தின் வெளியே மூன்று கழகங்களின் ரசிகர்களும் கூடி, நீதி கேட்டு நின்றார்கள். காவலர்கள் தடியால் கலைத்தார்கள். மறுநாள் எங்கும் பரவிய ஒரு படத்தில், பச்சை-அரக்குச் சட்டைக்காரர் ஒருவரின் தோள்மீது சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஏறி அமர்ந்து கூவிக்கொண்டிருந்தார்.

2025 ஜூலையில் அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவை நெருங்க, புதுப்பிக்க ஆளில்லாமல், சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. அம்மாதம் கொல்கத்தாவின் பழைய உள்ளூர் லீக்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று வென்றது.