பிரெஞ்சு பிராங்க்

பிரெஞ்சு பிராங்க் என்பது யூரோவுக்கு முன்னர் பிரான்சு நாட்டின் நாணய அலகாக இருந்தது. ஒரு பிராங்க் 100 சாந்தீம்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2002 பெப்ரவரி 17 ஆம் நாளுடன் இதன் செல்லுபடி முடிவுற்றது. எனினும், இதன் வழிவந்த சி.எஃப்.ஏ பிராங்க் 14 ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் புழங்குகிறது.

தோற்றம்

நூறாண்டுப் போரின்போது, 1356 இல் புவாத்தியே என்னுமிடத்தில் பிரான்சு அரசர் இரண்டாம் ழான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அவரது விடுதலையை ஒட்டி, மீட்புத்தொகை செலுத்துவதற்காக 1360 இல் முதல் பிராங்க் வெளியிடப்பட்டது. குதிரை மீது அமர்ந்த அரசரின் உருவம் பொறித்த இப்பொன் நாணயத்தின் எடை ஏறத்தாழ 3.9 கிராம்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1795 இல் தசம முறையிலான பிராங்க் அறிமுகமானது. 1803 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தில் ஒன்பது பங்கு தூய்மையுள்ள 5 கிராம் வெள்ளியே ஒரு பிராங்க் ஆகும். இந்த அடிப்படையிலான நாணய முறை 1914 வரை நிலைத்தது. 1865 இல் பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகியவை இலத்தீன் நாணய ஒன்றியத்தை அமைத்தன. போர்களாலும் பணவீக்கத்தாலும் மதிப்பிழந்த பழைய பிராங்க் 100 க்கு ஒரு புதிய பிராங்க் என 1960 இல் மாற்றப்பட்டது.

கடல்கடந்த பகுதிகள்

பிரான்சு தன் ஆட்சிப்பகுதிகள் அனைத்திலும் பிராங்க்கைப் புகுத்தவில்லை. இந்தோசீனாவில் பியாஸ்தர் என்னும் வெள்ளி நாணயம் வழங்கியது. புதுச்சேரியில் ரூபாய், பணம், துட்டு, காசு ஆகியவை வழங்கின. அங்கு அச்சிடப்பட்ட செப்புத் துட்டின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரசின் லில்லி மலரும், மறுபக்கத்தில் தமிழில் ஊர்ப்பெயரும் காணப்படும்.

சி.எஃப்.ஏ பிராங்க்

ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கான இந்நாணயம் 1945 டிசம்பர் 26 அன்று உருவாக்கப்பட்டது. அப்போது 'ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்' என்பதன் சுருக்கமாகவே சி.எஃப்.ஏ என்ற பெயர் அமைந்தது. விடுதலைக்குப் பின் விரிவாக்கம் மாறினாலும் சுருக்கப்பெயர் மாறவில்லை. கினி 1960 இல் தனி நாணயம் வெளியிட்டு விலகியது. 1962 இல் விலகிய மாலி 1984 இல் மீண்டும் இணைந்தது.

இந்நாணயத்தின் மாற்று வீதத்துக்குப் பிரான்சு உத்தரவாதம் அளித்தது. அதற்கு ஈடாக, உறுப்பு நாடுகள் தம் அன்னியச் செலாவணி இருப்பின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது. 1994 சனவரியில் 100 சி.எஃப்.ஏ பிராங்க்கின் மதிப்பு 2 பிரெஞ்சு பிராங்க்கிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இதனால் இறக்குமதி செய்யும் உணவு, மருந்து முதலியவற்றுக்கு உள்நாட்டுப் பணத்தில் இருமடங்கு செலுத்த நேர்ந்தது. மறுபுறம், பருத்தி போன்றவற்றின் ஏற்றுமதியாளர் பயனடைந்தனர். 1999 முதல் 655.957 சி.எஃப்.ஏ பிராங்க் ஒரு யூரோவுக்குச் சமம்.

கருத்து வேறுபாடுகள்

நிலையான மாற்று வீதம் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஆதரவாளர் வாதம். தம் பொருளாதாரத்துக்கு ஏற்ப நாணய மதிப்பை மாற்றும் உரிமை இந்நாடுகளுக்கு இல்லை என்பதும், இது குடியேற்ற ஆட்சியின் தொடர்ச்சியே என்பதும் எதிர்ப்பாளர் வாதம். 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் 8 நாடுகளுக்குக் கருவூல இருப்பு விதியை நீக்கவும், நாணயத்துக்கு 'எக்கோ' எனப் பெயரிடவும் முடிவானது. நடு ஆப்பிரிக்காவின் 6 நாடுகளுக்கு இம்முடிவு பொருந்தாது.