எழுத்தாணி மீண்டும் கைக்கு வந்த கதை

தொடுதிரையில் எழுதும் மெல்லிய குச்சிக்கு ஸ்டைலஸ் என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பேனாவே 'ஸ்திலோ'தான். இரண்டு சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. மெழுகு பூசிய பலகையில் கீறி எழுதிய கூர்முனைக் கருவிக்கு ரோமானியர் வைத்த பெயர் அது. நம் முன்னோர் அதே வேலைக்கு வைத்திருந்தது எழுத்தாணி. ஆக, உள்ளங்கையில் அடங்கும் கணினி வந்தபோது உலகம் முழுவதும் மறுபடி எழுத்தாணி பிடிக்கத் தொடங்கியது என்று சொல்லலாம்.

அந்தக் குச்சியால் எப்படி எழுதுவது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் பல முறைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் நம் தமிழ் எங்கே நின்றது என்பதை இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரில் அரசு அலுவலகக் குமாஸ்தாவாகக் கோப்புகளில் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன் நான். கையெழுத்தைப் பற்றிப் பேச அந்த ஒரு தகுதி போதும் என்று நம்புகிறேன்.

எழுதும் கருவி எப்போதுமே கையிடம் ஏதாவது விலை கேட்கும். பனை ஓலையில் நார் நீளவாக்கில் ஓடும். அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும். அதனால் பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே பெரும்பாலும் இருக்காது. படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் எஃகு முள்ளை மைக்கூட்டில் தொட்டு எழுதச் சொன்னார்கள். மேலே போகும் கோடு மெலிந்தும் கீழே இறங்கும் கோடு தடித்தும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் முட்டியில் அடிக்கோல் விழும். பிரான்சிலேயே பள்ளிப் பிள்ளைகள் பால்பாயின்ட் பேனாவால் எழுதலாம் என்று கல்வி அமைச்சகம் அனுமதித்தது 1965ல்தான். கருவி மாறியதும் அந்தத் தடித்த கோடும் மெலிந்த கோடும் ஒரே தலைமுறையில் காணாமல் போயின.

நமக்கும் அப்படி ஒன்று நடந்தது. ஈரோட்டுப் பெரியார் 1935ல் தமது 'குடிஅரசு' இதழில் சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அச்சிடத் தொடங்கினார். ணா, றா, னா ஆகியவற்றில் சுழித்து ஒட்டிக் கிடந்த பகுதியை எடுத்துவிட்டுத் தனிக் கால் போட்டார். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் இருந்த யானைத் தும்பிக்கை போன்ற வளைவை எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே ஐகாரக் குறியைப் போட்டார். அச்சுக் கோப்பவருக்கு ஈய எழுத்துகள் குறையும், குழந்தைக்குப் படிக்க வேண்டிய வடிவங்கள் குறையும் என்பது காரணம். 1978ல் தமிழ்நாடு அரசு அவற்றில் பலவற்றை ஆணையாகவே பிறப்பித்தது. அப்போது நாங்கள் எல்லாரும் இளம் குமாஸ்தாக்கள். ஒரே கோப்பில் மேலதிகாரியின் குறிப்பு பழைய 'லை'யிலும் எங்கள் குறிப்பு புதிய 'லை'யிலும் சில வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

இனி கைக்கணினிக்கு வருகிறேன். 1993ல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீங்கள் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், அது படித்துக்கொள்ளும் என்றார்கள். அது படித்த லட்சணத்தை அமெரிக்கப் பத்திரிகைகளில் கார்ட்டூன் போட்டுக் கேலி செய்தார்கள். அதே ஆண்டில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்பர்க், கேட் ரிச்சர்ட்சன் என்ற இருவர் நேரெதிரான ஒரு வழியைச் சொன்னார்கள். கருவி மனிதனைப் படிக்கத் திணறினால், மனிதன் கருவிக்குப் புரிகிற மாதிரி எழுதட்டும் என்றார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பு. யூனிஸ்ட்ரோக் என்று அதற்குப் பெயர்.

அந்த எண்ணம் சந்தையில் வென்றது 1996ல், பாம் பைலட் என்ற சட்டைப்பை கருவியோடு. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கருவி செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பிடும் குச்சி ஒன்றைச் சீவி ஸ்டைலஸ் ஆக்கிக்கொண்டார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவது போலப் பாவனை செய்வாராம். பொம்மைச் சமையல் மாதிரி இருந்தாலும், எந்த அளவு கைக்கு வசதி என்று அதில்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்தக் கருவியின் எழுத்து முறைக்கு கிராஃபிட்டி என்று பெயர். ஆங்கில ஏ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, கூரை போல இரண்டு சாய்வுதான். டி எழுத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு போய்க் கீழே இறங்கும், அவ்வளவுதான். இதைக் கற்பது கஷ்டமா என்று கனடாவில் ஸ்காட் மெக்கென்சி, ஷான் ஜாங் இருவரும் 25 பேரை வைத்துச் சோதித்து 1997ல் வெளியிட்டார்கள். எழுத்து அட்டவணையை ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு எழுதியவர்களுக்கு 86 சதவீதம் சரியாக வந்தது. ஐந்து நிமிடப் பயிற்சிக்குப் பின் 97 சதவீதம். ஒரு வாரம் தொடாமல் விட்டுவிட்டு வந்து எழுதியபோதும் அதே 97. கை எவ்வளவு சீக்கிரம் பணிந்துபோகிறது பாருங்கள்! இதற்கு நடுவே இந்த எண்ணம் எங்களுடையது என்று ஜெராக்ஸ் வழக்குப் போட்டது. 2003ல் பாம் தன் எழுத்து முறையையே மாற்றிக்கொண்டது. 2006ல் 2.25 கோடி டாலர் கொடுத்த பிறகுதான் வழக்கு ஓய்ந்தது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. இருபத்தாறு இழுப்புகளை மனப்பாடம் செய்வது ஒரு மதிய வேலை. தமிழுக்கு 247. ஐந்து நிமிடப் பயிற்சியில் 247 இழுப்புகளை யார் கற்பார்கள்?

வேகத்தை அளப்பதிலும் நமக்குச் சிக்கல் உண்டு. தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களுக்கு நினைவிருக்கும், ஆங்கிலத்தில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. அந்தக் கணக்கில் ஐந்து தட்டு ஒரு சொல். கைக்கணினி ஆய்வாளர்களும் இன்றுவரை இதே ஐந்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கையால் எழுதுகிறவருக்கு அது எத்தனை இழுப்பு என்பது அவரவர் பழக்கம். எதை எண்ணுவது?

நம் பக்கத்தில் முதலில் துணிந்தது பெங்களூர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001ல் சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினியின் மாதிரியைக் காட்டினார்கள். கிராமத்தார் பயன்படுத்தும் மலிவான கருவி என்பது நோக்கம். 2004 ஏப்ரலில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. டேப்-அ-டேப் என்று தங்களுக்கென ஒரு ஸ்டைலஸ் உள்ளீட்டு முறையையும் வைத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவில் அது விற்கவில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. திரையில் எந்த மொழியிலும் கையால் கிறுக்கி, அந்தக் கிறுக்கலையே மின்னஞ்சலாக அனுப்பிவிடலாம். கருவி அதைப் படிக்க முயலாது, எடுத்துப் போய்ச் சேர்க்கும், தபால்காரர் மாதிரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கருவிக்கே தமிழ்க் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையும் பெங்களூரில்தான் நடந்தது. அங்கிருந்த எச்.பி. ஆய்வுக்கூடத்தார் தமிழ் எழுத்துகளை 156 வடிவங்களாகப் பிரித்தார்கள். 247 எப்படி 156 ஆனது என்றால், கால், கொம்பு, ஐகாரக் குறி போன்றவை எழுத்தை ஒட்டாமல் தனியாக நிற்பவை. அவற்றை ஒருமுறை கற்றுக்கொடுத்தால் போதும். கி, கீ, கு, கூ போன்றவற்றில் குறி எழுத்தோடு ஒட்டிவிடுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் என்று பலரை மின்பலகையில் குச்சியால் எழுதவைத்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 500 மாதிரி சேர்த்தார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு ஊர்க்காரர்கள். ஒன்று பெங்களூர். இன்னொன்று நம் கொங்கு மண்ணின் சேலம்!

முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த எழுத்துகளை வைத்து, 2006ல் பிரான்சின் லா போல் நகரில் நடந்த கையெழுத்து ஆய்வு மாநாட்டை ஒட்டித் தமிழ் எழுத்தறிதலுக்கு ஒரு போட்டியே நடத்தினார்கள். சேலத்தில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய 'ழ' பிரெஞ்சுக் கடற்கரை வரை போனதை நினைத்தால், பிரெஞ்சுப் பள்ளியில் முட்டியில் அடி வாங்கிய எனக்குத் தனி சந்தோஷம்.

விசைப்பலகை வழியும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 1999ல் தமிழ்99 பலகை வந்தது. 2005ல் முத்து நெடுமாறனின் செல்லினம் சாதாரண செல்பேசியிலேயே தமிழைத் தட்டவைத்தது. 2010 ஜூனில் நம் கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நாட்களில்தான் அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. 2015 ஏப்ரலில் கூகுள் 82 மொழிகளுக்குக் கையெழுத்து உள்ளீட்டை வெளியிட்டபோது தமிழும் அதில் இருந்தது. பயிற்சி அட்டவணை எதுவும் இல்லை. உங்கள் கையெழுத்தில் எழுதினால் போதும்.

போதுமா என்று எங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. என் மனைவியின் சின்னம்மா பல்லடம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஐந்தாறு வருடமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. கனடாவில் இருக்கும் பேரன் போனில் பேசினால் இவருக்கு அது வெறும் உதட்டசைவு. அவன் எழுதினால் படித்துவிடுவார். பதில் எழுதத்தான் வழியில்லை. விசைப்பலகையைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "சாப்பிட்டியா கண்ணு" என்ற இரண்டு சொல்லை முடிப்பதற்குள் சலித்துப்போய்ப் போனைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு குச்சியை வாங்கி, கையெழுத்துச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இன்லேண்டு கடிதம் எழுதி எழுதித் தேய்ந்த கை அல்லவா, கடகடவென்று ஓடியது. முதல் வரி அப்படியே அச்செழுத்தாக வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டாம் வரியில் "வேலை" வந்தது. அத்தை எழுதியது தும்பிக்கை வைத்த பழைய 'லை'. செயலி அதை வேறு எதுவோவாகப் படித்தது. அழித்து எழுதினார், மறுபடி வேறு எதுவோ வந்தது. புதிய 'லை'யை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, அன்னைக்குச் சர்க்காரு எழுத்த மாத்தோணும்னுது, நானு மாத்துல. இன்னைக்கு இந்தப் போனு மாத்தோணும்ங்குது. நானு எழுதறது என்ற பேரனுக்குங்களா, இந்தப் போனுக்குங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் பழைய சிம்ப்யூட்டரின் கிறுக்கல் அஞ்சல் நினைவுக்கு வந்தது. போனில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இதில் உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள் அத்தை என்றேன். ஒரு பக்கம் எழுதினார். அதைப் படமாகவே பேரனுக்கு அனுப்பினோம். அன்றிரவே அவனும் ஒரு தாளில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். இப்போது வாரம் இரண்டு கடிதம் போகிறது, இரண்டு வருகிறது.

ஆனால் படம் படம்தான். அதற்குள் ஒரு சொல்லைத் தேடுவது எளிதல்ல, நாளைக்கு அதை அச்செழுத்தாக மாற்றிப் படிப்பதும் எளிதல்ல. எழுத்து மாற்றத்துக்கு முன் பள்ளியில் படித்து, பழைய வடிவத்தில் எழுதுகிறவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். பெரும்பாலோர் அறுபது, எழுபதையும் தாண்டியாயிற்று. வீட்டுப் பத்திரங்களும் கடிதக் கட்டுகளும் வரவு செலவு நோட்டுகளும் அவர்கள் கையெழுத்தில்தான் கிடக்கின்றன. ஒரு உள்ளீட்டு முறையைச் சோதிக்கிறவர்கள் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கேட்பதற்கு முன், யாருடைய கை என்று கேட்க வேண்டும். சேலத்தில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் உட்காரவைத்து எழுதி வாங்கியதுபோல, அடுத்த முறை பல்லடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் வந்து எண்பது வயதுக் கைகளையும் எழுதவைத்து வாங்கிக்கொண்டு போகட்டும். அத்தை இன்னும் நன்றாகத்தான் எழுதுகிறார். தாமதிக்காமல் வர வேண்டும்.