காசாளர் இல்லாத கவுண்டர்: வாங்குபவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2023 நவம்பரில், இங்கிலாந்தின் வடபகுதியில் இயங்கும் பூத்ஸ் என்ற சுப்பர்மார்க்கெட் நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. தனது கடைகளில் இரண்டைத் தவிர ஏனைய எல்லாவற்றிலிருந்தும் ‘செல்ப் செக்அவுட்’ இயந்திரங்களை எடுத்துவிட்டு, பழையபடி காசாளர்களை நிறுத்தப்போவதாக அது சொன்னது. 1847இல் தொடங்கப்பட்ட பழைய நிறுவனம் அது. ஆனால் 25க்கும் சற்று அதிகமான கடைகளே உண்டு. ரெஸ்கோ போன்ற பெருநிறுவனங்களோடு ஒப்பிட்டால் சின்னக் கடை. இருந்தும் அந்தச் செய்தி பிரித்தானியப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. இயந்திரங்கள் மெதுவானவை, நம்பமுடியாதவை, முகம் கொடுத்துப் பேசாதவை என்று வாடிக்கையாளர்களே முறையிட்டார்கள் என்பதுதான் நிறுவனம் சொன்ன காரணம். பத்து, பதினைந்து வருடங்களாகப் பலரும் முணுமுணுத்ததை ஒரு கடைக்காரர் வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருந்தார்.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காசாளர் செய்யும் வேலையை வாங்குபவரே செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளின் பார்கோட்டையும் கண்ணாடியின் முன்னால் காட்டினால் ‘பீப்’ என்ற சத்தத்துடன் விலை திரையில் விழும். பிறகு அந்தப் பொருளைப் பக்கத்திலுள்ள தட்டில் வைக்க வேண்டும். தட்டுக்குக் கீழே ஒரு தராசு இருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு நிறை என்பது கணினியில் ஏற்கனவே பதியப்பட்டிருக்கும். காட்டிய பொருளின் நிறையும் தட்டில் விழுந்த நிறையும் ஒத்துவராவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். மேலே சிவப்பு விளக்கு எரியும். ஊழியர் ஒருவர் வந்து தனது அட்டையைக் காட்டி விடுவிக்கும்வரை நீங்கள் அசையாமல் நிற்க வேண்டியதுதான். பையிடும் இடத்தில் எதிர்பாராத பொருள் இருக்கிறது என்று இயந்திரம் ஆங்கிலத்தில் சொல்லும் வசனம் பிரித்தானியாவில் பகிடியாகவே மாறியது. வாடிக்கையாளர்களுக்கு எரிச்சலூட்டுகிறது என்று 2015இல் ரெஸ்கோ அந்த வசனத்தையே கைவிட்டது.

கடைக்காரரின் வேலையை வாங்குபவர் தலையில் வைப்பது இந்த இயந்திரத்தோடு தொடங்கியதல்ல. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் எங்கள் ஊர்க் கடைகளைப் போலத்தான்: கேட்பதைக் கடைக்காரர் எடுத்து, நிறுத்து, கட்டித் தருவார். சோண்டர்ஸ்தான் ஆட்களின் கையில் கூடையைக் கொடுத்துத் தட்டுகளுக்கு இடையில் நடக்கவிட்டார். 1974 ஜூனில் ஒஹையோ மாநிலத்தின் ட்ரோய் என்ற ஊரில் ஒரு சூயிங்கம் பெட்டியின் பார்கோட் முதற்தடவையாகக் கடையொன்றில் வாசிக்கப்பட்டது. அதன் பின்னர்தான் இயந்திரம் விலை சொல்லும் காலம் வந்தது. டேவிட் ஹம்பிள் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ‘செக்ரோபோட்’ 1986இல் அட்லான்டாவுக்கு அருகிலுள்ள ஒரு குரோகர் கடையில் வைக்கப்பட்டது. நீண்ட வரிசையில் காத்துநின்ற எரிச்சலில்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். ஆகவே வரிசையைக் குறைப்பதுதான் முதல் வாக்குறுதி. வாங்குபவர்களின் அபிப்பிராயத்தை அந்த வாக்குறுதியை வைத்தே அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காக லண்டனில் இருக்கும் உறவினர்கள், தெரிந்தவர்கள் சிலரோடு வட்ஸ்அப்பில் பேசினேன். ஒரு பாண், ஒரு பால் போத்தல் என்றால் எல்லோருக்கும் இயந்திரம்தான் விருப்பம். மதிய இடைவேளையில் சாப்பாடு வாங்க ஓடுபவர்களுக்கு அது பெரிய உதவி. யாரோடும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவதே நிம்மதி என்றார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர். காசாளர் தன் கையிலிருக்கும் மருந்தையோ மாதவிடாய் அணையாடையையோ பார்க்காமல் இருப்பது நல்லது என்றார் இன்னொருவர். நான் எதிர்பாராத பதில் ஹரோவில் வசிக்கும் பெரியம்மாவிடமிருந்து வந்தது. எழுபது வயதைத் தாண்டிய அவர் இயந்திரத்துக்கு எதிராகத்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன். “மெஷினுக்கு என்ர இங்கிலிஷ் விளங்கத் தேவையில்லைப் பிள்ளை” என்றார். காசாளர் ஏதாவது கேட்டு, அது தனக்கு விளங்காமல், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவதை அவர் எத்தனையோ தடவை அனுபவித்திருக்கிறார். குடிவந்தவர்களின் பார்வையில் இது சின்ன விஷயமல்ல. வயது போனவர்களுக்கு இயந்திரம் பிடிக்காது என்று பொதுவாக எழுதிவிடும் செய்திகளில் இந்த அனுபவம் வருவதில்லை.

ஆனால் அதே பெரியம்மா கிழமைச் சாமான் முழுவதையும் அந்த இயந்திரத்தில் போடமாட்டார். ட்ரொலி நிறையப் பொருட்கள் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தட்டில் இடம் போதாது. பார்கோட் இல்லாத மரக்கறியையும் பழத்தையும் திரையில் படங்களுக்குள் தேட வேண்டும். எந்த அப்பிள் எந்த இனம் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பூத்ஸ் நிறுவனமும் இதைத்தான் ஒரு காரணமாகச் சொன்னது. மதுபானம் இருந்தால் வயதை உறுதிப்படுத்த ஊழியர் வந்தாக வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கான பொருட்களைத் தொட்டுப் பழகிய காசாளரின் கை வேகம் எங்கே, மாதம் நான்கு தடவை வரும் எங்கள் வேகம் எங்கே! அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதிக பொருட்கள் வாங்கும்போது, காசாளரிடம் போனவர்களே அந்தக் கடைக்குத் திரும்பி வரும் விருப்பத்தைக் கூடுதலாகக் காட்டினார்கள். இத்தனை வாங்குகிறேனே, எனக்கு யாராவது சேவை செய்ய வேண்டாமா என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது. சம்பளமில்லாமல் நம்மிடம் வாங்கப்படும் இவ்வகை வேலையை இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1981இலேயே ‘நிழல் வேலை’ என்று பெயரிட்டு எழுதினார். அப்போது செல்ப் செக்அவுட் எந்தக் கடைக்கும் வந்திருக்கவில்லை.

வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பாரதூரமாகப் படுவது சந்தேகம். நிறை பிசகியதும் எரியும் சிவப்பு விளக்கு, பிழை உங்களுடையதா இயந்திரத்தினுடையதா என்று பார்ப்பதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பல கடைகளில் இப்போது தலைக்கு மேலே கமரா. சில கடைகளில் பற்றுச்சீட்டின் பார்கோட்டைக் காட்டினால்தான் வெளிக்கதவு திறக்கும். ஒரு பொருள் சரியாக ஸ்கேன் ஆகவில்லை என்று கணினி நினைத்தால், நீங்கள் அதை வைத்த காட்சியைத் திரையில் மீண்டும் ஓட்டிக் காட்டும் முறையை 2025இல் ரெஸ்கோ சில கடைகளில் கொண்டுவந்தது. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பார்ப்பதைப் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே வீரர் ஒரு தகரப் பேணி மீனோடு நிற்கிறார். கறுப்பு, மண்ணிறத் தோலுடைய ஒருவர் அந்தச் சிவப்பு விளக்கின் கீழ் நிற்கும்போது உணர்வது வேறு என்று நான் பேசியவர்களில் இருவர், நான் கேட்காமலே சொன்னார்கள்.

கடைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். களவு உண்மையிலேயே நடக்கிறது. விலைகூடிய அவக்காடோவைத் தட்டில் வைத்துவிட்டுத் திரையில் கரட் படத்தை அழுத்துவது ஒரு வழி. அவுஸ்திரேலியாவில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட், தன் கையிருப்பில் இருந்ததைவிட அதிகமான கரட்டை விற்றிருந்ததைக் கண்டுபிடித்தது. இதை எழுதிய குற்றவியலாளர் எமலின் டெய்லர், வழமையாகக் களவெடுக்காத சாதாரண மனிதர்களே இப்படிச் செய்யப் பழகிவிடுவதை ஆராய்ந்தவர். மனிதரை ஏமாற்றக் கூச்சப்படுபவர் இயந்திரத்தை ஏமாற்றக் கூச்சப்படுவதில்லை. ‘நான்தானே வேலை செய்கிறேன், இது என் கூலி’ என்று சிலர் மனதுக்குள் கணக்கும் போட்டுக்கொள்கிறார்கள். லெஸ்ரர் பல்கலைக்கழகத்தின் அட்ரியன் பெக் 2022இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில் பங்குபற்றிய நிறுவனங்கள், காரணம் தெரியாமல் ஏற்படும் தமது இழப்பில் 23 வீதம் வரை இந்த இயந்திரங்களோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டன. வேண்டுமென்று எடுப்பவர்கள், தவறுதலாக ஸ்கேன் செய்யாமல் விட்டவர்கள் இரு பகுதியினரும் இதற்குள் அடங்குவர். இருவரையும் பிரித்தறியக் கணினியால் முடியாது. அதனால்தான் நேர்மையாக வாங்குபவரும் சந்தேகத்துக்குள் நிற்கிறார்.

ஆட்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்க வந்த இயந்திரத்தைக் காவல் காக்க இப்போது ஆளும் கமராவும் கதவும் தேவைப்படுகின்றன. அமெரிக்காவில் டொலர் ஜெனரல் நிறுவனம் 2024இல் சுமார் 12,000 கடைகளிலிருந்து இவற்றை எடுத்துவிட்டது. களவாலும் கணக்குப் பிசகாலும் வரும் இழப்பைக் குறைப்பதே அதன் நோக்கம். அதே வருடம் டார்கெட் நிறுவனம், பெரும்பாலான கடைகளில் பத்துப் பொருட்கள் வரை வாங்குபவர்கள் மட்டுமே இவற்றைப் பாவிக்கலாம் என்று வரையறுத்தது. பிரித்தானியாவில் மொரிசன்ஸ் நிறுவனத்தின் தலைவரும் தாங்கள் இந்த இயந்திரங்களில் சற்று அளவுமீறிப் போய்விட்டதாக ஒத்துக்கொண்டார். இவர்கள் யாரும் முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூத்ஸ்கூட சுற்றுலாப் பயணிகள் நிரம்பும் ஏரிப் பிரதேசத்திலுள்ள இரண்டு கடைகளில் இயந்திரங்களை விட்டுவைத்தது. அவசரத்தில் இருப்பவருக்கு அவை தேவை.

வாங்குபவர்கள் எதிர்ப்பது இயந்திரத்தை அல்ல, வேறு வழியில்லாமல் போவதைத்தான் என்பது இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்குத் தெளிவாகியது. பத்துக் கவுண்டர்களில் ஒன்பது பூட்டிக்கிடக்க, திறந்திருக்கும் ஒன்றில் வரிசை கடைக்குள் வளைந்து நிற்கும்போது, ‘விரும்பினால் மெஷினுக்குப் போங்கள்’ என்பது தெரிவல்ல. காசுத்தாள் வைத்திருப்பவருக்கு அட்டை மட்டும் ஏற்கும் இயந்திரம் பயன்படாது. கண்பார்வை குறைந்தவருக்குத் தொடுதிரை ஒரு வெறுங்கண்ணாடி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் திரை எட்டாது. தனியாக வாழும் முதியவருக்குக் காசாளரோடு பேசும் இரண்டு நிமிடம் அன்றைய நாளின் ஒரே உரையாடலாக இருக்கலாம். நெதர்லாந்தின் ஜம்போ நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு 2019இல் ஒரு ‘கதைக்கும் கவுண்டரை’ திறந்தது. அவசரமில்லாதவர்கள் அங்கே போய்க் காசாளரோடு ஆறுதலாகக் கதைக்கலாம். வரவேற்பைப் பார்த்து 2021இல் அதை 200 கடைகளுக்கு விரிவாக்க முடிவெடுத்தார்கள். வரிசையை ஒழிக்கவென்று தொடங்கிய தொழிலில், மெதுவாக நகரும் வரிசைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

ஊழியர்களைப் பற்றி வாங்குபவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பேசுவார்கள். லண்டனுக்குப் போன எங்களவர்களில் எத்தனையோ பேரின் முதல் வேலை பெற்றோல் நிலையத்திலோ சுப்பர்மார்க்கெட்டிலோ காசாளர் வேலைதான். அப்படியொரு கடையில் நீண்டகாலம் வேலை செய்யும் மச்சாள் ஒருவர், இப்போது கதிரையில் இருந்து பில் போடுவதில்லை. எட்டு இயந்திரங்களுக்கு நடுவில் நாள் முழுவதும் நிற்கிறார். முன்பு ஆட்கள் தன்னிடம் சுகம் விசாரிப்பார்கள், இப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும், கோபத்தோடுதான் தன்னைப் பார்க்கிறார்கள் என்றார். வேலை போகவில்லை, வேலையின் முகம் மாறிவிட்டது.

அமெரிக்காவின் லோங் பீச் நகரசபை 2025இல் இதைச் சட்டத்தால் சரிசெய்யப் பார்த்தது. மூன்று இயந்திரங்களுக்கு ஓர் ஊழியராவது நிற்க வேண்டும், அங்கே வாங்குபவர்கள் 15 பொருட்களுக்கு மேல் கொண்டுவரக்கூடாது என்று விதித்தது. சில கடைகள் ஆளை நிறுத்துவதற்குப் பதிலாக இயந்திரங்களையே மூடிவிட்டன. வரிசை மறுபடி நீண்டது.

இலங்கையில் இந்த விவாதம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. இங்கே கூலி குறைவு. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் பில் போட ஒருவர், பையில் அடுக்கித் தர இன்னொருவர் நிற்கிறார்கள். பெரும்பாலும் உயர்தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். அந்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், இறக்குமதி செய்யும் இயந்திரம் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் இயந்திரம் மலிவாகும் காலம் வரும். அப்போது எனக்கு முதலில் எழும் கேள்வி மொழியைப் பற்றியது. வேல்ஸில் ரெஸ்கோ இயந்திரங்கள் வெல்ஷ் மொழியும் பேசுகின்றன. எங்கள் ஏ.ரி.எம். இயந்திரங்களில் மூன்று மொழிகளும் உண்டு. ஆனால் என் கையில் இருக்கும் சுப்பர்மார்க்கெட் பில்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இன்று அதனால் பெரிய பாதிப்பில்லை. கணக்கில் சந்தேகம் வந்தால், ‘தங்கச்சி, இது என்ன 450 ரூபாய்?’ என்று கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் கேட்கலாம், அவரும் பார்த்துச் சொல்வார்.