நன்னடத்தையும் தூய வாழ்வும்: புத்தளக் கரையோரக் கிறித்தவ வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

சமயம் தன்னைச் சார்ந்தோரிடம் வேண்டி நிற்பது யாது? விதித்தன செய்து விலக்கியன ஒழித்து வாழும் நன்னடத்தை மட்டுமா, அன்றி உள்ளம் முழுவதையும் இறைவனுக்கு ஒப்புவித்து வாழும் தூய வாழ்வா? கிறித்தவ இறையியலார் காலந்தோறும் எழுப்பிவந்த இவ்வினா ஏட்டளவில் மட்டும் நின்றுவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈழத்தின் புத்தளக் கரையோரத்தில் அது மக்களின் வாழ்க்கை வினாவாகவே அமைந்தது.

அக்கால அரசியல் நிலையை முதற்கண் நோக்குதல் வேண்டும். புத்தளக் களப்பின் மேற்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1667இல் அவர்கள் அங்குத் தொடங்கிய கோட்டை 1676இல் நிறைவுற்றது. களப்பின் கிழக்கே அமைந்த புத்தளமோ கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகமாகும். ஒரே நீர்ப்பரப்பின் இரு கரைகளிலும் இருவேறு ஆணைகள் நடந்தன.

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தலைக் கொடுங்குற்றமாக்கினர். தம் சீர்திருத்தச் சபையை அரச இயந்திரத்தோடு பிணைத்தனர். ஊர்ப் பள்ளிக்கூடமே வழிபாட்டிடமாயிற்று. ஆசிரியரே ஞானோபதேசம் புகட்டுபவராகவும் பதிவாளராகவும் விளங்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதோர் தண்டம் இறுத்தனர். திருமுழுக்கும் திருமணமும் தோம்பேட்டில் பதியப்பட்டாலன்றிச் சொத்துரிமையும் பதவியும் கிட்டுதல் அரிதாயிற்று. போர்த்துக்கேயர் காலத்திலும் திருமுழுக்கு அரச சலுகைகளோடு இணைந்தே இருந்தமையால், இப்போக்கினை ஒல்லாந்தர்க்கு மட்டுமே உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இவ்வமைப்பினால் நன்மையே விளையவில்லை என்பதற்கில்லை. எழுத்தறிவு பரவியது, தமிழில் சமய நூல்கள் அச்சேறின. ஆயினும் ஏட்டில் பதியத்தக்கது புறநடத்தை ஒன்றே. மன்றாட்டை மனப்பாடமாக ஒப்புவித்தவனும் அதனை உயிர்மூச்சாகக் கொண்டவனும் தோம்பேட்டில் ஒன்றாகவே காணப்பட்டனர். உரிமை இழக்க அஞ்சிப் பெயரைப் பதிந்துவிட்டு, இல்லத்தில் முன்னைய வழிபாட்டையே தொடர்ந்தோர் பலராவர்.

இச்சூழலிலேயே யோசேவாஸ் முனிவரின் வருகை நிகழ்ந்தது. 1651இல் கோவாவிற் பிறந்த அவர், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுதோறும் இரந்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் அங்குக் கத்தோலிக்கர் பலர் கைதுசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1690இல் புத்தளத்தை அடைந்து ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். ஒல்லாந்தரின் தடையாணை செல்லாத அத்துறைமுகமே அவருக்குக் கண்டி நாட்டின் வாயிலாயிற்று.

முனிவரிடம் படையில்லை; பதவி வழங்கும் ஆற்றலும் இல்லை. அவரை அண்டியோர்க்கு ஆதாயம் எதுவுமில்லை; இழப்பே உண்டு. ஆகவே, அவர் வேண்டிய சமய வாழ்வு சட்டத்திற்கு அஞ்சிய ஒழுங்காக இருத்தல் இயலாது. அது என்னவாயிற்று என்பதை அவரது செயலே காட்டிற்று. 1692இல் கண்டி சென்ற அவர் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் அந்நகரில் பெரியம்மை பரவி, நோயுற்றோரை உறவினரும் கைவிட்டபோது, அவரும் அவர்தம் மருமகனாகிய கார்வாலோ அடிகளும் அந்நோயாளரை எடுத்துப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளரின் சமயத்தை அவர்கள் வினவவில்லை. தீங்கு செய்யாதிருத்தல் நன்னடத்தை. பிறர் அஞ்சி விலகும் இடத்திற்கு அன்பினால் தானே செல்லுதல் தூய வாழ்வு. இவ்வேறுபாட்டைப் பௌத்தனாகிய மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனும் உணர்ந்தான் என்பது, முனிவர்க்கு அவன் அளித்த பணிச் சுதந்திரத்தாற் புலனாகும்.

குருவானவர் ஆண்டிற்கு ஒருமுறை வருதலே அரிதாயிருந்த ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் வழிபாட்டை நடத்தினர். இவ்வகையில் சமயப் பொறுப்பு பொதுமக்களின் தோள்களில் ஏறிற்று. 1705இல் வந்த சாங்கோபாங்கர் எனப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவர்கள் கையில் நூல்களை அளித்தார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரால் ஓதப்பட்டு வந்துள்ளது. கிறித்துவின் பாடுகளை எண்ணி மனம் உருகச் செய்யும் அந்நூலின் நோக்கம் உள்ளத்தின் மாற்றமே. இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள போலவத்தையில் அவர் 1742இல் மறைந்தார்.

விளைவினை வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், பதிவேட்டில் இலட்சக்கணக்கில் இருந்த அவர்களது சபையினர் விரைந்து அருகினர். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் 1806இல் நீக்கப்பட்டபோது, ஒன்றரை நூற்றாண்டு ஒடுக்குமுறையைக் கடந்த சமூகம் ஒன்று வெளிப்பட்டு நின்றது. தலவிலைப் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் இன்றும் திரளும் அடியார் கூட்டம் அத்தொடர்ச்சியின் சான்றாகும்.

இதனைக் கத்தோலிக்கர்க்கும் சீர்திருத்தச் சபையார்க்கும் இடையிலான வெற்றி தோல்வியாகக் கருதுதல் தவறாகும். சடங்களவில் நின்ற சமயத்தின் வெறுமையை ஜெர்மானிய லூத்தரன் சபையைச் சார்ந்த ஸ்பேனர் 1675இலேயே எடுத்துரைத்தார். அவ்வியக்கத்தின் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். உள்ளத் தூய்மையின் வேட்கை எச்சபைக்கும் தனியுரிமையன்று.

1995இல் அருளாளராகவும் 2015இல் புனிதராகவும் கொழும்பில் உயர்த்தப்பட்ட யோசேவாஸ் முனிவர்க்கு இன்று எங்கும் சிலைகள் உண்டு. சட்டத்தின் அச்சமும் பதிவேட்டின் ஆதாயமும் நீங்கிய பின் ஒரு சமூகத்தில் எஞ்சுவது யாதோ, அதுவே அதன் உண்மையான சமயம். அவர் அடிபதித்த புத்தளக் கரை எல்லாச் சமயத்தார்க்கும் விட்டுச்சென்ற உரைகல் இதுவேயாகும்.