சொரியாசிஸ்: தோலுக்குள் நிற்காமல் அடிக்கும் அலாரம்

விவேக் நகரில் வேலை முடிந்து ரூமுக்கு வருகிறீர்கள். முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டு, மேலே வெள்ளிச் செதில். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவலாம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

செல்கள் எப்படிப் பேசுகின்றன?

ஒரு செல் வெளியிடும் புரதம், இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பியில் போய்ப் பொருந்தும். உள்ளே பல புரதங்கள் வரிசையாக இயங்கி, செய்தியை உட்கருவுக்குக் கடத்தும். இதுதான் சமிக்ஞைப் பாதை. தோலில் காயம்பட்டால் 'பெருகு' என்ற செய்தி போகும்; ஆறியதும் அது நிற்கும்.

சொரியாசிஸில் என்ன நடக்குது?

செய்தி நிற்பதில்லை. இன்டர்லூகின்-23 என்ற புரதம் டி செல்களைத் தூண்ட, அவை இன்டர்லூகின்-17-ஐ வெளியிடுகின்றன. தோல் செல்கள் வேகமாகப் பெருகி, மேலும் நோயெதிர்ப்பு செல்களை அழைக்கின்றன. சுமார் ஒரு மாதம் எடுக்க வேண்டிய தோல் புதுப்பிப்பு சில நாட்களில் முடிவதால் செதில் குவிகிறது. கிருமி காரணமில்லை, அதனால் தொட்டால் ஒட்டாது. ரூம்மேட்டிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

பெங்களூருவின் பங்கு

ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி வரை போனால் பயோகான் நிறுவனம். கியூபாவின் ஹவானாவில் உள்ள மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்துடன் சேர்ந்து அது உருவாக்கிய மருந்து இடோலிசுமாப். டி செல்லின் மேலுள்ள சிடி6 புரதத்தில் ஒட்டி, தூண்டுதலைக் குறைக்கும். மிதமான, தீவிர சொரியாசிஸுக்காக 2013-ல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. கட்டுமீறிய அழற்சியைத் தணிக்கும் என்பதால், 2020 ஜூலையில் கடுமையான மூச்சுத்திணறல் வந்த கோவிட் நோயாளிகளுக்கும் அவசரகால அனுமதி கிடைத்தது.

ஆனால் அலாரத்தை அடக்கினால், உண்மையான ஆபத்து வரும்போதும் அது மெதுவாகத்தான் அடிக்கும். இதனால்தான் இத்தகைய மருந்துகளைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள்.

அந்த க்ரீம்?

பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். அது அழற்சிச் செய்திகளை மொத்தமாக அடக்கும். திட்டு உண்மையில் படர்தாமரை என்றால், அரிப்பு குறையும், பூஞ்சை பரவும். நீண்ட நாள் தடவினால் தோல் மெலியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு கட்டாயமான எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது.

சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு மூட்டுவலியும் வரும். காலையில் விரல்கள் விறைத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்க. திட்டு ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே தவறிய செய்தி வேறாக இருக்கலாம். முதலில் தோல் மருத்துவர், அப்புறம்தான் க்ரீம்.